மூன்று நிரல் கொப்பி

‘வேகம்’ என்ற ஒரு சொல்லில் அந்தப் பிள்ளை இரண்டு நாள் நின்றுவிட்டாள்.

மன்னார்த் தீவின் பேசாலையில் கடற்கரையை ஒட்டிய வீடு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறாள், முதலாம் வருடம். விடுமுறைக்கு வந்த இடத்தில், வட்ட இயக்கம் பற்றிய லெக்சர் விளங்காமல் யூரியூபில் தேடியிருக்கிறாள். தமிழிலேயே ஒன்று அகப்பட்டது. தமிழ்நாட்டு ஆசிரியர், தெளிவான குரல். பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, சீராகச் சுற்றும் பொருளின் வேகம் மாறாது, ஆனாலும் அதற்கு முடுக்கம் உண்டு என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அவள் படித்த வேகம் வேறு. அது காவிக் கணியம். பருமனும் திசையும் சேர்ந்தது. வட்டத்தில் சுற்றும் பொருளின் திசை கணத்துக்குக் கணம் மாறுகிறது, ஆகவே வேகமும் மாறுகிறது, அதனால்தான் ஆர்முடுகல் வருகிறது. இதை உயர்தரப் பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுத்தவள் அவள். இப்போது ஒருவர் வேகம் மாறாது என்கிறார். அவர் பிழையாகச் சொல்லவும் இல்லை. கீழே ஆயிரக்கணக்கானோர் நன்றி எழுதியிருக்கிறார்கள்.

“நான் படிச்சதுதான் பிழையாக்கும் எண்டு நினைச்சன் அக்கா. திரும்பத் திரும்ப நாலு தரம் பார்த்தன். டேட்டாவும் முடிஞ்சுது.”

இரண்டுமே சரி. நாங்கள் கதி என்பதைத் தமிழ்நாட்டில் வேகம் என்கிறார்கள். நாங்கள் வேகம் என்பது அங்கே திசைவேகம். எங்கள் ஆர்முடுகல்தான் அவர்களுடைய முடுக்கம். இதை அவளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, வீடியோவிலும் இல்லை. மூன்றாம் நாள் வவுனியாவில் படிக்கும் ஒரு சீனியர் அக்கா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் விஷயம் முடிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தை மூன்று நிரலாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறாள். முதலாவது எங்கள் சொல். இரண்டாவது தமிழ்நாட்டுச் சொல். மூன்றாவது இங்கிலீசுச் சொல். எண்பது பக்கக் கொப்பி, அட்டையில் மாதா படம். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கொப்பிதான்.

மன்னார் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறோம். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள். கல்வியில் பின்தங்கியவை என்று அரசு பட்டியலிட்டிருக்கும் 16 மாவட்டங்களில் எங்களதும் ஒன்று. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகும். 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படும். மிச்சம் 5 வீதம் அந்த 16 மாவட்டங்களுக்கு. எங்கள் பிள்ளைகளில் பலர் மாவட்டப் பங்கிலும் இந்த 5 வீதத்திலும் உள்ளே போகிறவர்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரிய ரியூசன் வகுப்புகளில் உருண்டு வந்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் போய் அமர்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒழுங்கான ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த பெறுபேற்றை நான் கூடுதலாகவே மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சில் அமர்ந்த முதல் நாளே இன்னொரு சுவர் எழும்பும். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த விஞ்ஞானத்தை லெக்சரர் இங்கிலீசில் சொல்லத் தொடங்குவார். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் அப்படித்தான். பிள்ளை ஒளித்தொகுப்பை அறியும், அந்த இங்கிலீசுப் பெயரை அறியாது. திணிவை அறியும், ‘மாஸ்’ என்றதும் பூசைதான் ஞாபகம் வரும். ஒரு பிள்ளை இதை என்னிடம் கண் கலங்கச் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் போன் உதவிக்கு வருகிறது.

இணையத்தில் இல்லாத பாடம் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. தன் பாடங்களை யாரும் பார்க்கலாம் என்று 2001இல் அறிவித்தது. இந்திய ஐ.ஐ.ரி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.ரி.ஈ.எல். திட்டத்தில் பொறியியலும் விஞ்ஞானமும் முழு முழுப் பாடநெறிகளாகக் கிடக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் எழுத்துரையும் உண்டு. கணிதத்தில் அடித்தளம் ஆடுகிற பிள்ளைக்குக் கான் அக்கடமி. எங்கள் நாட்டிலேயே கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. கட்டாய வகுப்பு இல்லை, பாடக்குறிப்புகள் இணையத்தில். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் எழுதக் கற்பிக்கும் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் திறந்து வைத்திருக்கிறது. தலைமன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். தனுஷ்கோடி கடலால் சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் போன் திரையில் சென்னை ஐ.ஐ.ரி.யும் அமெரிக்க எம்.ஐ.ரி.யும் ஒரே தூரம்.

ஊரை விட்டுப் போகாமல் பட்டம் எடுப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் வெளியூர் மாணவருக்கும் தன் பரீட்சையைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய யுனிவர்சிற்றிக் கல்லூரியே இலண்டன் பட்டத்துக்குத்தான் ஆயத்தப்படுத்தியது. சொந்தப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது. கடல் கடந்து போய்ப் பரீட்சை எழுதியவர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார். புத்தகமும் பரீட்சையும் தூரத்தில், படிப்பவர் வீட்டில் என்ற ஏற்பாடு எங்கள் பாட்டன்மாருக்கே தெரிந்ததுதான். அவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். பேசாலைப் பிள்ளை நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருக்கிறாள்.

அது ஏன் என்று வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். இங்கே விற்கும் பல பொதிகளில் டேட்டாவை இரண்டு பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு எந்த நேரமும் பாவிக்கலாம். மற்றது நள்ளிரவு தாண்டி விடியும் வரைக்கும் மட்டும். பகல் பங்கு வீட்டில் எல்லாருக்கும் பொது. தம்பியின் விளையாட்டு, அம்மா வெளிநாட்டில் இருக்கும் மாமாவோடு கதைப்பது, அப்பா காற்று நிலவரம் பார்ப்பது எல்லாம் அதில்தான். இரவுப் பங்கு முழுவதும் அவளுக்கு. பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எழும்பி, அடுத்த நாளைக்கு வேண்டிய வீடியோக்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வாள். பன்னிரண்டு ஒன்றுக்கு இறக்கத் தொடங்கும். படத்தின் தரத்தை ஆகக் குறைத்து வைப்பாள். பலகையில் எழுத்து தெரிந்தால் போதும். போனைச் சாய்த்து வைக்க வீட்டில் ஒரு இடம் இருக்கிறது. முன் சன்னலின் இடது மூலை. அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். இரண்டு மணியளவில் தகப்பன் வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சன்னலில் போன் வெளிச்சத்தைப் பார்த்து, “படுக்கேல்லையே பிள்ளை?” என்று கேட்பாராம். அந்த வீட்டில் அந்நேரம் இரண்டு பேர் தொழிலுக்குப் போகிறார்கள்.

மறு நாள் பகலில், இறக்கியதைக் காசு செலவில்லாமல் பார்க்கலாம். நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, சொல்லை எழுதி.

கொப்பிக்குத் திரும்புகிறேன். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். கலம் என்று முதல் நிரலில், இரண்டாவதில் செல். இழையம், அங்கே திசு. நொதியம், அங்கே நொதி. தாயம், அங்கே அணி. ஒட்சிசன், ஆக்சிஜன். வெப்பவுள்ளுறை, என்தால்பி. இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. தெரியாத சொல் என்றால் பிள்ளை தேடும். கெடுப்பவை இரண்டு கரையிலும் உள்ள ஒரே சொற்கள். அவற்றுக்கு அவள் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறாள். வேகம் முதலாவது. அடுத்தது நிறை. எங்களுக்கு நிறை என்றால் புவி ஒரு பொருளை இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. தமிழ்நாட்டில் நிறை என்றால் எங்கள் திணிவு, கிலோகிராமில் அளப்பது. எங்கள் நிறையை அவர்கள் எடை என்பார்கள். சந்திரனுக்குப் போனால் நிறை மாறாது என்று அங்கே படிப்பிக்கும் ஒரு வசனம் இங்கே பரீட்சைத் தாளில் எழுதினால் முழுப் பிழை.

வணிகத்தில் இது இன்னும் மோசம். சிலாவத்துறைப் பக்கத்துப் பையன் ஒருவனை வவுனியா பஸ்ஸில் சந்தித்தேன். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், வருடங்கள் கழித்துத் திரும்பிய குடும்பம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் படிக்கிறான். மன்னார் வீதியோரம் பம்பைமடுவில் இருக்கும் அந்த வளாகம், முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வாசலடியில் பஸ் நிற்கும் ஒரே பல்கலைக்கழகம். அவன் சொன்ன கதை: கணக்கீட்டில் எங்களுக்கு இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. தமிழ்நாட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. வரவு என்ற சொல் மற்றப் பக்கத்துக்கே பாய்ந்துவிடுகிறது. ஒரு கிழமை முழுக்கத் தமிழ் வீடியோ பார்த்து, பயிற்சிக் கணக்கைச் செய்து, பரீட்சை மீதி ஒரு போதும் சமப்படாமல் கொப்பியை எறிந்திருக்கிறான். “கணக்கு எனக்குச் சரிவராதெண்டு வாப்பாக்கிட்டச் சொல்லிட்டன் அக்கா. கடைக்கே வந்து நிக்கிறன் எண்டன்.” பொருளியலும் அப்படித்தான். எங்கள் கேள்வியும் நிரம்பலும் அங்கே தேவையும் அளிப்பும். கேள்வி வளையி என்று தேடினால் இணையம் அவனுக்கு வினா விடை காட்டியது.

இந்தப் பிளவு எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. தாய்மொழியில் விஞ்ஞானம் படிப்பிப்பது என்று முடிவானபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் வழியாக இலங்கைத் தமிழறிஞர்களும் விஞ்ஞானிகளும் 1950களிலும் 60களிலும் துறை துறையாகக் கலைச்சொல் தொகுதிகள் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அதே காலத்தில் கல்லூரிப் படிப்புக்கெனத் தமிழில் பாடநூல் எழுதும் வேலை தனியாக நடந்தது. இரு பக்கமும் நேர்மையாக உழைத்தார்கள். ஒரே மேசையில் அமரவில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மேலை வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற பெரும் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டார். அமெரிக்காவில் அவர் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற கருத்தில் பொறித்திருக்கிறது. பல்கலைக்கழக மட்ட அறிவைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்றைக்கு யாரும் கேட்டால், மானிப்பாயில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் சொன்னார்கள் என்பேன்.

கலைத்துறைப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் குறைவு. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழைய இலக்கியங்களைத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், தமிழ்நாட்டில் அந்நாளில் வெளியான கல்லூரிப் பாடநூல்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு அவை பற்றி யாரும் சொல்வதில்லை. விடயம் பழையதாக இருக்கலாம். அடிப்படைத் தொகைநுண்கணிதம் பழையதாகாது.

சரி, வீடியோ இருக்கிறது, சொல்லும் விளங்கிவிட்டது. பாடம் வந்துவிடுமா?

இல்லை என்றுதான் எண்கள் சொல்கின்றன. எம்.ஐ.ரி.யும் ஹார்வர்டும் நடத்திய இணையப் பாடநெறிகளை ஆறு வருடம் தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். கடைசி வருடத்தில் பதிந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவே பாடத்தை முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் ஏறக்குறையப் பாதிப்பேர் முடித்தார்கள். பணம் அறிவைக் கூட்டியிருக்காது. விட்டுவிட முடியாத ஒரு பிடி அவர்களுக்கு இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பணம் கட்டிப் பிடி வாங்க இயலாது. வேறு பிடி வேண்டும்.

பேசாலையில் நான் கண்ட பிடி ஒரு விறாந்தை. விடுமுறைக் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்து, பத்து மணிக்கு நான்கு பேர் கூடுகிறார்கள். மூன்று பெண் பிள்ளைகள், ஒரு பையன். இருவர் யாழ்ப்பாணம், ஒருத்தி வவுனியா, பையன் வெளிவாரியாகத் தகவல் தொழில்நுட்பம். வேறு வேறு பாடம்தான், ஆனால் கணிதம் நால்வருக்கும் பொது. ஒரே ஒரு போன்தான் வெளியே இருக்கும். மற்ற மூன்றும் உள்ளே சுவாமிப் படத்தடியில். அன்றைக்கு நேரியல் அட்சரகணிதம். இறக்கி வைத்த வீடியோவை ஏழு நிமிடம் ஓடவிட்டார்கள். கணக்கை எழுதி முடித்த ஆசிரியர் விடைக்குப் போகப் போகிற கணத்தில், வவுனியாப் பிள்ளை விரலால் நிறுத்தினாள். “காணும். இனிப் போடுங்கோ.”

போட்டார்கள். கால் மணி நேரம் பேச்சு இல்லை. கோழி ஒன்று விறாந்தையில் ஏறி இறங்கியது. பையன் இரண்டு தரம் வெட்டினான். ஒருத்திக்கு விடை வந்தது, ஆனால் ஏன் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை, மற்றவர்கள் விடவில்லை. கடைசியில் அவளை எழுப்பி, கதவில் சோக்கால் எழுதிக் காட்டச் சொன்னார்கள். பாதியில் தன் பிழையைத் தானே கண்டு, “ஐயோ, நிரையையும் நிரலையும் மாத்திப் பெருக்கிட்டன்” என்று தலையில் கை வைத்தாள். அதன்பிறகுதான் வீடியோவின் மிச்சத்தைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் பார்த்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். வீட்டில் தனியே என்றால் அதே நேரத்தில் மூன்று வீடியோ ஓடியிருக்கும், மூன்றும் விளங்கியது போலவும் இருந்திருக்கும்.

விளங்கியது போல இருப்பதுதான் பெரிய சதி. நல்ல ஆசிரியர் கணக்குப் போடுவதைப் பார்ப்பது, நல்ல ஓட்டி படகைக் கரை சேர்ப்பதைப் பார்ப்பது போல. பார்த்தவனிடம் துடுப்பைக் கொடுத்தால் தெரியும். வாசித்ததைத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பவர்களுக்கே பாடம் நாட்கள் கழித்தும் நிற்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் றோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் பரிசோதித்துக் காட்டினார்கள். விறாந்தைப் பிள்ளைகள் அந்த ஆய்வை அறியமாட்டார்கள். கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து உயர்தரம் சித்தியடைந்தவர்கள். அதே பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் கண்ட இன்னொரு ஒழுங்கு, பாடத்திட்டத்தாள். பல்கலைக்கழகம் தந்த அந்த ஒற்றைத் தாளைப் பிளாத்திக்குப் பையில் போட்டுக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்கள். தாளில் இல்லாததைத் தேடுவதில்லை. யூரியூப் பக்கத்தில் என்ன காட்டினாலும் தொடுவதில்லை. பாடநூலின் அத்தியாயத்தை முதலில் வாசித்து, விளங்காத வரிக்குப் பென்சில் அடையாளம் போட்டு, அந்த வரிக்கு மட்டும் வீடியோ தேடுகிறார்கள். இங்கிலீசுப் பெயரால் தேடினால் இருநூறு வரும், தமிழ்ப் பெயரால் தேடினால் இரண்டு வரும். இரண்டையும் பார்க்கிறார்கள்: முதலில் தமிழ், கருத்துக்கு, பிறகு இங்கிலீசு, பரீட்சைக்கு.

இப்போது கேட்டால் பதில் சொல்லும் செயற்கை அறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. எனக்கு அவற்றில் பகை இல்லை. இரவு ஒரு மணிக்கு வெட்கப்படாமல் கேட்க ஓரிடம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவையும் தமிழில் பேசும்போது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொற்களையே எடுக்கின்றன. சிலவேளை ஒரே பந்தியில் இரண்டையும் கலக்கின்றன. வேகத்துக்குள் விழுந்த பிள்ளை அங்கேயும் விழும். கொப்பி கையில் இருக்க வேண்டும்.

கஷ்டத்தையும் எழுதத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியபோது, பல்கலைக்கழகத் தளங்களுக்குள் போவதற்குத் தொலைபேசிக் கம்பனிகள் டேட்டாக் காசு எடுக்காமல் விட்டன. நாட்டின் கல்வி வலையமைப்பான ‘லேர்ன்’ ஊடாகச் சூம் வகுப்புகள் நடந்தன. நல்ல ஏற்பாடு. ஆனாலும் கோபுரம் இல்லாத இடத்தில் இலவசம் எதற்கு? அடுத்த வருடம் ஊவா மாகாணத்துப் போகிதியாவ கிராமத்துப் பிள்ளைகள் காடு வழியே நடந்து, பாறை ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்தது உலகச் செய்தியானது. எங்கள் பக்கத்திலும் வயல்வெளி ஊர்களில் வரம்பில் நின்று லெக்சர் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. படகு போகாத வீட்டில் ரீலோட் எங்கிருந்து வரும்? போரின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நான். எண்ணெய் முடிந்தால் படுக்கைக்குப் போவோம், விடியப் புத்தகம் அங்கேயே இருக்கும். மின்சாரம் போனால் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகமே அணைந்துவிடுகிறது. அதனால்தான் முக்கியமானதைக் கையால் எழுதி வையுங்கள் என்று சலிக்காமல் சொல்கிறேன்.

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன, 2020 டிசம்பரில் திறந்தவை, 103.5 மெகாவோட். இரவில் அவற்றின் இரைச்சலோடுதான் இந்தக் கரைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் காற்று எங்களது. அந்த மின்சாரத்தில் ஒரு துளி, ஊருக்கு ஒரு வாசிகசாலையில், இரவு பத்து மணி வரை எரியும் நான்கு விளக்காகவும் ஒரு வைபையாகவும் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். வீட்டில் இருக்கிற பெண் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எவரும் எடுப்பதில்லை. போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றே எடுப்பார்கள். கூப்பிட்டால் எழும்ப வேண்டும். வாசிகசாலைக்குப் போன பிள்ளையை மீன் வெட்ட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மகாபொல உதவித்தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள். அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக டேட்டாவுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் விஞ்ஞானமும் வணிகமும் படிப்பிக்கும் தமிழ் விரிவுரையாளர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இதே கதியையும் வேகத்தையும் திணிவையும் பள்ளிக்கூடத்தில் படித்து, இதே சுவரில் முட்டி, ஏறிக் கடந்தவர்கள். முதல் வருடத்துக்கு வேண்டிய அடிப்படைகளை மட்டும், எங்கள் கலைச்சொல்லில் தொடங்கி இங்கிலீசுச் சொல்லில் முடித்து, பத்துப் பத்து நிமிடமாகப் பதிந்து வைத்தால் என்ன? பெரிய ஸ்ரூடியோ வேண்டாம். பலகை, சோக், ஒரு போன் போதும். பேசாலைப் பிள்ளைக்கு வந்த ஒரு நிமிடக் குரல் பதிவு செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். அதே சீனியர் அதைத் திரும்ப எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், எத்தனை பேருக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கும்? அந்தச் சிலாவத்துறைப் பையனுக்கு வரவு எந்தப் பக்கம் என்று ஒருவர் சொல்லியிருந்தால், கணக்கு வராது என்று வாப்பாவிடம் போய் நின்றிருக்க மாட்டான். அவன் திரும்ப வந்து படிக்கிறான் என்பது அவன் வாப்பாவின் பிடிவாதம். கடையில் இடமில்லை, போய்ப் படி என்று அனுப்பியிருக்கிறார்.

கடைசியாகப் பேசாலைக்குப் போனபோது கொப்பி அவளிடம் இல்லை. பெறுபேறு வந்து பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் தோட்டவெளிப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி மாமி வீட்டில் வந்து நிற்கிறாள் என்றதும் போய்ப் பார்த்தேன். பிள்ளை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, தன் புதுக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அடிமட்டத்தை வைத்துக் கவனமாக, நான்கு நிரல்.

நாலாவது எதற்கு என்று கேட்டேன்.

“ஆர் சொல்லித் தந்தது எண்டு எழுத, அக்கா. விளங்காட்டி அவையளட்டயே திரும்பக் கேக்கலாம்தானே.”